பரலோக ஏக்கமும் பூமியில் நமக்குள்ள பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளை, வத்தளை எனத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாழும் பகுதிகளில், வேதபாடக் கூட்டங்களிலும் வாலிபர் ஐக்கியங்களிலும் மரண வீடுகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் சீர்திருத்தத் திருச்சபை மரபில் நின்று எழுதப்பட்டவை. எனினும் கத்தோலிக்கச் சகோதரர்களின் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவற்றையும் சேர்த்திருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

பரலோகத்துக்குப் போக ஆசைப்படுவது, இவ்வுலகக் கடமைகளிலிருந்து தப்பிக்க நினைப்பது ஆகாதா?

சிலரிடத்தில் அது அப்படி ஆகிவிடுவது உண்டு. ஆயினும் அந்த ஏக்கம் தன்னளவில் குற்றமானது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தின் முதலாம் அதிகாரம் இந்தக் கேள்வியை மிக நேரடியாக எடுத்துக்கொள்கிறது. அவர் அப்போது காவலில், கட்டுண்டவராக, விடுதலை கிடைக்குமா மரணம் வருமா என்று அறியாத நிலையில் இருந்தார். "கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்" என்று எழுதியவர், இரண்டு வசனங்கள் கழித்து, "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு, அது அதிக நன்மையாயிருக்கும்" என்று தம் ஆசையை மறைக்காமல் சொல்லி, உடனே, "அப்படியிருந்தும், நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம்" என்று முடிக்கிறார்.

இந்த வசனங்களில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அவர் ஆசைப்படுவது துன்பமில்லாத ஓர் இடத்தை மட்டுமல்ல, கிறிஸ்து என்னும் ஆளை. அவர் தங்கியிருக்கச் சம்மதிப்பதும் தம்முடைய முடியாத திட்டங்களுக்காக அன்று, பிலிப்பியில் இருந்த விசுவாசிகளுக்காகவே. நம்மில் பலர் இவ்விரண்டையும் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம்: வீட்டுக் கடனும் நோயும் அலுவலக நெருக்கடியும் முடிய வேண்டும் என்பதற்காகப் பரலோகத்தை விரும்புகிறோம், கட்டி முடிக்காத வீட்டையும் பிள்ளைகளின் கல்யாணத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகப் பூமியில் இருக்க விரும்புகிறோம். பவுலிடத்தில் போக விரும்பச் செய்ததும் இருக்கச் சம்மதிக்க வைத்ததும் ஒரே அன்புதான். ஆகவே ஒன்றைக் குறைத்தால்தான் மற்றது வளரும் என்று எண்ணி, ஏக்கத்துக்கு ஒரு பங்கும் கடமைக்கு ஒரு பங்கும் அளந்து கொடுக்க முயல வேண்டியதில்லை. கிறிஸ்துவை அதிகமாக விரும்புகிறவன், அவர் யாருக்காக மரித்தாரோ அவர்களுடைய தேவையை அலட்சியம் செய்ய முடியாது.

"பூமியிலுள்ளவைகளையல்ல, மேலானவைகளையே நாடுங்கள்" என்று கொலோசெயர் 3:2 சொல்கிறதே?

அந்த அதிகாரத்தை முடிவு வரை வாசித்தால் விடை கிடைத்துவிடும். நாடக் கூடாத பூமிக்குரியவை எவை என்பதை ஐந்தாம் வசனமும் எட்டாம் வசனமும் பெயர் சொல்லிக் காட்டுகின்றன: விபசாரம், பொருளாசை, கோபம், மூர்க்கம், தூஷணம் முதலியவை. குடும்பமும் வேலையும் அயலாரும் அந்தப் பட்டியலில் இல்லை. மாறாக, கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், எஜமான் வேலைக்காரர் ஆகியோர் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்பதே அந்த அதிகாரத்தின் பிற்பகுதி முழுவதும்.

நாம் இங்கே அந்நியரும் பரதேசிகளும் என்றால், இந்த நகரத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

கொழும்பில் வாழும் தமிழருக்கு இந்தக் கேள்வி புத்தகத்தில் படிக்கும் கேள்வி அன்று. 1983 ஜூலையில் வீடிழந்தவர்களும், 1995 ஒக்டோபரின் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிப் பிறகு எப்படியோ தலைநகர் வந்து சேர்ந்தவர்களும், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து புறக்கோட்டைக் கடைகளின் மேல்மாடிகளில் படுத்துறங்கியவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் லொட்ஜ் அறைகளில் பெட்டியைக் கட்டியபடியே வைத்துக்கொண்டு, "அடுத்த மாதம் ஊருக்குப் போய்விடுவோம்" அல்லது "விசா வந்ததும் போய்விடுவோம்" என்று சொல்லி ஆண்டுகளைக் கழித்த குடும்பங்களை நாம் அறிவோம். அப்படிக் காத்திருப்பவர்கள் அயல்வீட்டாரின் பெயரைக்கூடக் கேட்டறியாமல் இருந்துவிடுவதுண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பயமும் சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவும் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளின.

இதே நிலையில் இருந்தவர்களுக்குத்தான் எரேமியா தீர்க்கதரிசி கடிதம் எழுதினார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களைக் குறித்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்னும் பொய்த் தீர்க்கதரிசி எருசலேமில் அறிவித்தான். கேட்பதற்கு இனிமையான செய்தி அது. எரேமியாவோ, எழுபது வருஷம் ஆகும் என்று எழுதினார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்" என்ற கட்டளையையும் கொடுத்தார். தங்கள் ஆலயத்தைச் சூறையாடிய நகரத்துக்காக ஜெபிக்கும்படி அவர்களிடம் கேட்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு இந்த வசனத்தை இலகுவாகப் பாடிவிடக் கூடாது.

அந்தக் கடிதம் திரும்பிப்போகும் நம்பிக்கையை அணைத்துவிடவும் இல்லை. நாள் வரும்போது உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்ற வாக்குறுதி அதே அதிகாரத்தில், அதே கடிதத்தில் இருக்கிறது. சொந்த தேசம் வேறு என்று அறிந்தவர்களே இந்தப் பட்டணத்தின் நலனைத் தேடவேண்டும் என்பதே அதன் பொருள். கொழும்புக்கு அதைப் பொருத்தினால், மாடியில் குடியிருக்கும் சிங்களக் குடும்பத்தின் துக்கத்தில் பங்குகொள்வதும், தெருமுனைப் பள்ளிவாசலில் தொழும் முஸ்லிம் அயலவரோடு நல்லுறவைக் காப்பதும், டெங்கு பரவும் காலத்தில் தன் வாசலை மட்டும் அல்லாமல் ஒழுங்கை முழுவதையும் துப்புரவாக்க முன்வருவதும் பரதேசிகளின் கடமைக்குள் அடங்கும்.

ஒருநாள் இந்தப் பூமி எரிந்து அழியப்போகிறதென்றால், அதைப் பாதுகாத்து என்ன பயன்?

2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் கடலில் தீப்பற்றி எரிந்து, பின்னர் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நீர்கொழும்பு தொடங்கி மேற்குக் கரையெங்கும் குவிந்தன. மீனவர்களுக்குப் பல நாட்கள் கடல் தடைசெய்யப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து விழுந்து, அடிவாரத்தில் வாழ்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரத்தின் மற்றெல்லாரும் எறிந்த குப்பை ஏழைகளின் வீடுகளின்மேல் விழுந்தது. "எப்படியும் எல்லாம் எரிந்துபோகும்" என்று அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம்மில் யாருக்கும் துணிவு வராது. அப்படியானால் அது நல்ல இறையியலாகவும் இருக்க முடியாது.

இரண்டாம் பேதுரு மூன்றாம் அதிகாரம் அக்கினியைப் பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் அதே அதிகாரம் நோவாவின் காலத்து உலகமும் ஜலப்பிரளயத்தினால் அழிந்தது என்கிறது. அந்த அழிவுக்குப் பின்னும் பூமி இருந்தது, துன்மார்க்கமே வாரிக்கொண்டு போகப்பட்டது. அந்தப் பகுதி "நீதி வாசமாயிருக்கும்" புதிய பூமியை நோக்கித்தான் முடிகிறது. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனையோடு தவித்து, அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகக் காத்திருக்கிறது என்று பவுல் எழுதுகிறார். விடுதலைக்காகக் காத்திருப்பது தூக்கி எறியப்படக் காத்திருப்பதாகாது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரங்களிலும் மனிதர் மேலே ஏறிப் போய்விடுவதோடு கதை முடியவில்லை. புதிய எருசலேம் பரலோகத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவன் மனுஷர்களிடத்தில் வாசம்பண்ணுகிறார்.

நம் கைவேலையில் எது அந்தப் புதிய பூமிக்குள் நிலைத்திருக்கும் என்று நம்மால் வரையறுக்க முடியாது. "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது" என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வாக்குறுதி உயிர்த்தெழுதலைப் பற்றிய நீண்ட அதிகாரத்தின் முடிவில், அதன் விளைவாக வருகிறது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

கர்த்தரின் வருகை சமீபம் என்றால் படிப்பும் வீடு வாங்குவதும் எதற்கு?

தெசலோனிக்கேயாவில் சிலர் இப்படித்தான் நினைத்ததாகத் தெரிகிறது. அவர்களுக்குப் பவுல் கொடுத்த பதில் கடுமையானது: "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." வருகையின் நாளை யாரும் அறியார் என்று இயேசுவே சொன்ன பிறகு, ஒரு பிள்ளையை உயர்தரப் பரீட்சை எழுதவிடாமல் நிறுத்த எவருக்கும் அதிகாரம் இல்லை. நாள் குறித்துச் சொல்லும் பிரசங்கியாரின் பேச்சைக் கேட்டு வேலையையோ படிப்பையோ விடத் துணிபவர் உங்கள் வீட்டில் இருந்தால், தயங்காமல் உங்கள் போதகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

முழுநேர ஊழியம் செய்கிறவர்களுக்குத்தானே நித்திய பலன்? வங்கியிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்கிற எங்களுக்கு என்ன?

இந்தத் தவறான எண்ணம் நம் தமிழ்ச் சபைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சாட்சி சொல்ல எழும்புகிற ஒருவர், "நான் உலக வேலையில் இருந்தேன், பிறகு கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைத்தார்" என்று சொல்லும்போது, கீழே அமர்ந்திருக்கும் தாதியும் கணக்காளரும் முச்சக்கர வண்டி ஓட்டுநரும் தங்களை இரண்டாம் தரத்தவராக எண்ணிக்கொள்கிறார்கள்.

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற வசனம் போதகர்களுக்கு எழுதப்பட்டதன்று. அது அடிமைகளுக்கு எழுதப்பட்டது. தங்கள் வேலையைத் தாங்களே தெரிவுசெய்யாத, ஊதியமில்லாத, பரலோக நம்பிக்கையைத் தவிர வேறு எந்த உடைமையும் இல்லாத மனிதர்களின் அன்றாட வேலையைக் கிறிஸ்து தமக்குச் செய்ததாக ஏற்றுக்கொள்கிறார் என்றும், "சுதந்தரமாகிய பலனை" அவர்கள் பெறுவார்கள் என்றும் அங்கே கூறப்பட்டிருக்கிறது. அவர்களுடைய வேலைக்கே அந்த மதிப்பு இருந்ததென்றால், கட்டுநாயக்காவில் இரவு முறையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் வேலைக்கும், தேசிய வைத்தியசாலையில் நோயாளியின் புண்ணைக் கழுவும் தாதியின் வேலைக்கும் அந்த மதிப்பு உண்டு.

வேலை கர்த்தருக்குரியது என்பதால் முதலாளி கேட்பதையெல்லாம் செய்ய வேண்டும் என்றும் கொள்ளக் கூடாது. பொய்க் கணக்கு எழுத மறுப்பதும், சுங்கத்தில் சந்தோஷம் என்ற பெயரில் கேட்கப்படும் பணத்தைக் கொடுக்காமல் காத்திருப்பதும், இந்த நகரத்தில் பரலோகக் குடிமகன் எதிர்கொள்ளும் அன்றாடச் சோதனைகள். பதவி உயர்வு கைநழுவிப்போகும் நாளில்தான், வேறொரு பலனை நாம் உண்மையாகவே நம்புகிறோமா என்பது நமக்கே வெளிப்படும்.

பரலோகத்தில் பலன் கிடைக்கும் என்று சொல்லி ஏழைகளை அடக்கி வைக்கவில்லையா?

வைத்திருக்கிறார்கள்; அதை மறுப்பது நேர்மையாகாது. அடிமை வியாபாரத்தின் காலத்தில் கிறிஸ்தவ எஜமான்கள் இந்த உபதேசத்தை அப்படிப் பயன்படுத்தினார்கள். நம் வீடுகளையும் பார்ப்போம். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமிகள், குடும்ப ஜெபம் தவறாமல் நடந்த தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும், பள்ளிக்கு அனுப்பப்படாமல், சமையலறைத் தரையில் படுத்து வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலையில் பரலோகப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு உரிய சம்பளம் கொடுக்கப்பட்டதா என்பதுதான் யாக்கோபு கேட்கும் கேள்வி.

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு பேச்சுகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலில், ஐசுவரியவான்கள் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டிருக்கிறது என்றும் எச்சரிக்கிறார். அதன் பிறகே, பாடுபடும் சகோதரரை நோக்கிக் கர்த்தர் வருமளவும் பொறுமையாயிருங்கள் என்கிறார். பொறுமையின் செய்தி துன்பப்படுகிறவருக்கு. துன்பப்படுத்துகிறவருக்கு அதே வருகை ஆக்கினையின் செய்தி. கூலியைப் பிடித்துவைத்திருப்பவர், அந்தக் கூலிக்கு உரியவரிடம் சென்று பொறுமையைப் பிரசங்கிப்பதற்கு அங்கே எந்த இடமும் இல்லை. இன்று வீட்டில் உதவிக்கு ஆள் வைத்திருக்கும் விசுவாசிகள் வார விடுமுறை, சம்பளம், படுக்கை, மருத்துவச் செலவு ஆகியவற்றை இந்த வசனங்களின் வெளிச்சத்தில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் இறந்தவர்கள் பரலோகத்தில் இருக்கிறார்கள் என்றால், இன்னும் நீதி கேட்பது விசுவாசக் குறைவா?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சீயோன் சபையில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அவர்கள் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை, அந்தப் பெற்றோரை இத்தனை ஆண்டுகளாகத் தாங்கியிருக்கிறது. அந்த ஆறுதலை எவரும் அற்பமாகப் பேசக் கூடாது.

ஆனால் அந்த ஆறுதலைக் காரணம் காட்டி நீதியின் கேள்வியை மூடிவிட முடியாது. வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரத்தில், தேவவசனத்தினிமித்தம் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே இருக்கின்றன. அவர்கள் இளைப்பாறுதலுக்குள் போனவர்கள். வெள்ளை அங்கி தரிக்கப்பட்டவர்கள். அவர்களே, எதுவரைக்கும் நியாயத்தீர்ப்புச் செய்யாமல் இருப்பீர் என்று மகா சத்தமாய்க் கேட்கிறார்கள். பரலோகத்தில் இருப்பவர்களே பூமியின் நீதிக்காகக் குரல் எழுப்புகிறார்கள் என்றால், பூமியில் இருக்கும் நாம் மௌனமாக இருப்பதைப் பரலோக சிந்தை என்று அழைக்க முடியாது. முன்னெச்சரிக்கை இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியவர்களை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பொறுப்பாளிகளாகக் கண்டு, இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது, பாதிக்கப்பட்டவர்களும் மற்றவர்களும் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்ததால்தான். உண்மை முழுவதையும் கேட்கிறவர்கள் பழிவாங்கத் துடிக்கிறவர்கள் அல்லர். பழிவாங்குதலைத் தேவனிடத்தில் விட்டவர்களே, முஸ்லிம் அயலவர்மீது வெறுப்பைத் திருப்பாமல், நீதிமன்றத்தின் வழியாக உண்மையைக் கேட்க முடியும்.

பரலோகத்தையே நினைத்திருந்தவர்கள் இந்த நாட்டுக்கு என்ன நன்மை செய்தார்கள்?

நிறையச் சொல்லலாம், மூவரை மட்டும் குறிப்பிடுகிறேன். கோவாவைச் சேர்ந்த குருவானவர் யோசப் வாஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1687இல் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் நகரத்தை விட்டு ஓடியபோது, அவர் தங்கியிருந்து, கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். மரணத்துக்கு அஞ்சாதவரால்தான் அங்கே தங்கியிருக்க முடிந்தது. 1711இல் மரித்த அவரை, 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

1814இல் முதல் மெதடிஸ்த ஊழியர்கள் காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களை அழைத்து வந்த தோமஸ் கோக் வழியிலேயே கடலில் இறந்துபோனார். அவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குச் சென்று, ஓர் ஆண்டுகூட நிறைவதற்கு முன் மரித்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டிருந்தார். கொழும்பு புறக்கோட்டையில் 1816இல் எழும்பிய மெதடிஸ்த ஆலயம் அந்த வருகையின் தொடர்ச்சி.

மூன்றாமவர் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் இருந்துகொண்டு, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று உறுதியாக நம்பி, உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். மனிதர் பரலோகம் சேர வேண்டும் என்பதே அவர் கடல் கடந்து வந்த காரணம். அந்தக் காரணத்தினாலேயே ஒரு தமிழ்ச் சொல்லுக்காக நாட்கணக்கில் உழைத்தார்.

"சாக வேண்டும் போலிருக்கிறது, கர்த்தரிடம் போய்விட வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் அது பரலோக ஏக்கமா?

சில வேளைகளில் அது நோயின் குரல், தாங்க முடியாத களைப்பின் குரல். அதைப் பக்தி என்று எண்ணிப் பாராட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. அவர் கேட்டதைக் கொடுக்கவும் இல்லை. தூதன் அவரை இரண்டு முறை எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, இடையில் தூங்கவிட்டான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். பிறகுதான் ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசினார்.

ஆகவே அப்படிச் சொல்கிறவரைத் தனியே விடாதீர்கள். உணவும் உறக்கமும் கிடைக்கிறதா என்று பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். கொழும்பில் சுமித்ரயோ அமைப்பும் 1974 முதல் இப்படிப்பட்டவர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவருகிறது. ஜெபம் செய்யுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஜெபிக்கும் எவரையும் அந்த வீட்டுக்குள் விடாதீர்கள்.

எனக்கு அப்படி எந்த ஏக்கமும் இல்லை. வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது. இது குறையா?

நல்ல உணவுக்கும் பிள்ளைகளின் சிரிப்புக்கும் நன்றி சொல்லுங்கள். அவற்றை அனுபவிப்பதில் குற்றமில்லை. ஆயினும், 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில் நம்மில் பலருடைய ஜெபம் எவ்வளவு விரைவாக மாறியது என்பதை நினைத்துப் பாருங்கள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்பதைத் தினமும் சொல்லிவந்தோம். அது வரவேண்டும் என்று அப்போதுதான் விரும்பினோம். தன் வீட்டில் விளக்கு எரிகிற நாளிலும், விளக்கு எரியாத வீடுகளின் நிமித்தம் அந்த ராஜ்யத்தை விரும்புகிறவருக்கே ஏக்கம் வற்றாமல் இருக்கும். துன்பப்படுகிறவர்களின் அருகில் போய் இருங்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் ஒரு மாலைப்பொழுதை நோயாளிகளோடு செலவிட்ட பிறகு, கண்ணீர் யாவும் துடைக்கப்படும் என்ற வாக்குறுதியை வாசித்துப் பாருங்கள்.

பரலோகம் சலிப்பாக இருக்குமோ என்று வாலிபர்கள் கேட்பதும் உண்டு. "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள்" என்று கடைசி அதிகாரம் சொல்கிறது. அங்கேயும் வேலை உண்டு. சாபம் மட்டுமே இல்லை.

படுக்கையில் இருக்கும் என் அம்மா, "கர்த்தர் ஏன் என்னை இன்னும் வைத்திருக்கிறார்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

முதலில், "அப்படிப் பேசாதீங்கோ அம்மா" என்று வாயை அடைக்காமல் இருப்பது. எண்பது வயதைக் கடந்து, கணவரையும் உடன்பிறந்தவர்களையும் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்துவிட்டு, கிறிஸ்துவைக் காண விரும்பும் ஒருவரின் ஆசை நியாயமானது. குழந்தை இயேசுவைக் கைகளில் ஏந்திய சிமியோனும், "இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்" என்றுதான் பாடினார். அந்த ஆசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதற்காகப் போக விரும்புகிறார் என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறேன் என்பது காரணமானால், அதற்கு வேதத்தில் அல்லாமல் உங்கள் நடத்தையில்தான் பதில் இருக்க வேண்டும்.

பிறகு, அவருக்கு வேலை கொடுங்கள். எண்பத்துநாலு வயதுள்ள விதவையான அன்னாளின் வேலை உபவாசமும் ஜெபமுமாக இருந்தது. எருசலேமில் மீட்புக்குக் காத்திருந்த எல்லாருக்கும் குழந்தை இயேசுவைக் குறித்துப் பேசியவரும் அவரே. சபையில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர்கள், வேலை தேடுகிறவர்களின் பெயர்கள், மத்திய கிழக்கில் வேலை செய்யும் பெண்களின் பெயர்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கட்டிலருகே வையுங்கள்; ஒரு நாளைக்கு ஐந்து பேருக்காக ஜெபிக்கும்படி கேளுங்கள். வாரம் ஒருமுறை, அந்தப் பெயருக்குரியவர்களில் ஒருவர் நேரில் வந்தோ தொலைபேசியிலோ தமக்கு என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லட்டும். பேச்சு நின்றுபோன பிறகும் பெயர்களை வாசித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டாம். செவி கடைசி வரை கேட்கக்கூடும் என்று நோயாளிகளைப் பராமரிப்பவர்கள் சொல்கிறார்கள்.